இறங்குவதையும் எழுதிய நோட்டு

பண்ணைக்காட்டில் இரண்டு நாள் தங்கி ஊர் சுற்ற வேண்டும் என்று யார் போன் செய்தாலும் தேவசேனா முதலில் மூன்று கேள்வி கேட்பாள். எத்தனை பேர், யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், காலில் என்ன செருப்பு. அருவி உண்டா, போட்டோ எடுக்க இடம் உண்டா என்பதற்கெல்லாம் பதில் அதற்குப் பிறகுதான். சிலர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள். வைக்கட்டும், கொடைக்கானலுக்குப் போகட்டும், அங்கே காரைவிட்டு இறங்காமலே பாதி ஊரைப் பார்த்துவிடலாம் என்பாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி ஏழு வருடமாக வாடகைக்கு விடுகிறாள். கணவன் அழகுமலைக்குக் காப்பி, மிளகுத் தோட்டத்து வேலையே சரியாக இருக்கும். கொழுந்தன் சுப்புராஜ் ஜீப் ஓட்டுகிறான். வருகிறவர்கள் எங்கே நடப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த இடத்தில் உட்காருவது, எங்கிருந்து திரும்புவது என்பதெல்லாம் தேவசேனாவின் பொறுப்பு.

முதல் வருடம் அவள் இவ்வளவு கறாராக இல்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு கல்லூரி ஆசிரியை அருவி எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, ஊர் வழக்கப்படி, “இந்தா பக்கத்துலதாங்க, பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் நாற்பது நிமிடம் நடந்து, பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பளியில் கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, மூச்சு வாங்கியதுதான் என்று டாக்டர் சொன்ன பிறகே தேவசேனாவுக்குச் சோறு இறங்கியது.

அதற்கடுத்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். பத்து கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு ஊரைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு பாதையிலும் ஏறினாள். வெறுங்கையோடு நடக்கும் டவுன்காரரும், சுமையோடு நடக்கும் மலைக்காரியும் ஒரே வேகம் என்பது அவள் கணக்கு. எந்த ஏற்றத்துக்கு எத்தனை நிமிடம், எத்தனை இடத்தில் நிற்க வேண்டும், எங்கே நிழல் என்று எழுதி வைத்தாள். கூடவே ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலும் வாங்கினாள். நடக்கக் கூட்டிப்போகும்போதெல்லாம் அது அவள் தோளில் தொங்கும்.

“மதினி, கலெக்டருக்கு நாக்காலி தூக்குற டவாலி கெணக்கா இருக்கீக” என்பான் சுப்புராஜ்.

“உக்கார இடமில்லாம உன் ஜீப்பு பானெட்டுல படுக்க வச்சியே ஒரு அம்மாவ, அது மறந்துபோச்சா கொழுந்தனாரே?” என்பாள்.

ரோட்டிலிருந்து அவள் வீட்டு முற்றத்துக்கு இருபத்துநான்கு படி. விருந்தாளி வந்திறங்கியதும் பெட்டியை சுப்புராஜ் தூக்கிக்கொள்வான். தேவசேனா மேல்படியில் நின்று அவர்கள் ஏறி வருவதைப் பார்ப்பாள். யார் வாயால் மூச்சு விடுகிறார்கள், யார் முழங்காலில் கை வைக்கிறார்கள், யார் எத்தனையாவது படியில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டால் போதும், இரண்டு நாள் திட்டம் தயார். அவர்கள் இறங்கிப் போகும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஊரில் யாருமே இறக்கத்தை நடையாகக் கணக்கில் எடுப்பதில்லை. வாழைத்தார் சுமக்கிறவனைக் கேட்டால் ஏற்றம் வேலை, இறக்கம் ஓய்வு என்று சொல்வான்.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், திண்டுக்கல்லிலிருந்து ரோகிணி என்கிற கணக்கு டீச்சர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா திருமலைச்சாமி ரிட்டயரான பஸ் டிரைவர், வயது எழுபத்தொன்று. எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பிசியோதெரபிக்காரர் ஆறு மாதம் வந்து நடக்க வைத்துவிட்டார். ஆனால் அப்பா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. காலை இழுத்துக்கொண்டு நடப்பதை நாலு பேர் பார்ப்பார்கள் என்று வாசல் கேட்டைத் தாண்ட மறுத்தார். பழைய சிநேகிதர்கள் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் ரோகிணி போனிலேயே சொல்லியிருந்தாள். அவளே கெஞ்சிக் கெஞ்சி எங்கே போகலாம் என்று கேட்டபோது அவர் சொன்ன ஒரே ஊர் பண்ணைக்காடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் படியேறுவதை தேவசேனா மேலிருந்து பார்த்தாள். வலது கையில் தடி. நல்ல காலை முதலில் மேல்படியில் ஊன்றி, மற்றதை இழுத்து அருகில் வைத்தார். இருபத்துநான்கு படிக்கு இரண்டே இடத்தில் நின்றார். மூச்சு சீராக இருந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“இந்த ஊருக்கு முன்னமே வந்திருக்கீகளாய்யா?” என்று தண்ணீர் கொடுத்தபடி கேட்டாள்.

“பதினோரு வருசம் வந்திருக்கேன் தாயி. ஊரத்தான் பாத்ததில்ல.”

வத்தலக்குண்டிலிருந்து வரும் கடைசி வண்டி அவருடையது. ராத்திரி ஒன்பதரைக்கு வந்து பண்ணைக்காட்டில் ஹால்ட். வண்டியிலேயே படுத்து எழுந்து காலை ஐந்து மணிக்கு முதல் வண்டியாகக் கிளம்ப வேண்டும். இருட்டில் வந்து இருட்டில் போய்விடுவார். இன்ஜினை அணைத்த பிறகு கீழே பள்ளத்திலிருந்து ஒரு சத்தம் வரும். அது ஓடைத் தண்ணீர் என்பார் இவர். இல்லை, மரத்தில் காற்று என்பார் கண்டக்டர் இராமலிங்கம். பதினோரு வருடமும் இதே வழக்கு. விடிந்தபின் போய்ப் பார்க்க இரண்டு பேருக்கும் ஒரு நாளும் நேரம் இருந்ததில்லை.

“அந்தத் தண்ணிய என் கால்ல நடந்து போய்ப் பாக்கணும்” என்றார் திருமலைச்சாமி. “வேற ஒண்ணும் வேணாம்.”

ரோகிணி செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கொடைக்கானல் ஏரி, படகு, குதிரை, தூண்பாறை, பூங்கா, சூரிய அஸ்தமனம் என்று ஒன்பது இடம், ஞாயிறு ஒரே நாளில். “நாளைக்கு அந்த ஓடை, நாளன்னைக்கு இதெல்லாம். முடியும்ல அக்கா?”

“ஒம்பதுல ரெண்ட வச்சுக்கங்க. மிச்சத்த உங்க போன்லயே பாத்துக்கலாம்” என்றாள் தேவசேனா. நோட்டைப் புரட்டினாள். பஸ் நிறுத்தத்துக்கு நேர் கீழே செங்குத்துப் பள்ளம். ஜீப்பில் சுற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துப் பாதையில் இறங்கினால் மூங்கிலோடை. ‘ஏற்றம் இருபது நிமிடம், நான்கு நிறுத்தம்’ என்று எழுதியிருந்தாள். இவருக்கு நாற்பது நிமிடம் வைத்துக்கொண்டாள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், சிராய்த்தால் நிற்காது என்பதால் முழுக்கை சட்டையும் நீள பேண்ட்டும் போடச் சொன்னாள். வெல்க்ரோ வார் வைத்த ஷூவை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை காலை அது சரியாக நடக்கவில்லை.

சில்வர் ஓக் மரச் சருகு பாதை முழுவதும் மெத்தை மாதிரி கிடந்தது. திருமலைச்சாமி முப்பது அடிகூட இறங்கவில்லை. அதற்குள் இடது கால் நுனி சருகில் மாட்டியது. எடுத்து வைத்தால் முழங்கால் முன்னால் மடிந்தது. முதல் வளைவில் அவர் முகம் வெளிறிவிட்டது. இரண்டாவது வளைவில் கால் மடங்கிச் சரிந்தார். தேவசேனா இடுப்பைப் பிடித்து ஸ்டூலில் இருத்தினாள். அடிபடவில்லை.

“மதினி, நாலு ஆள வரச்சொல்லவா?” என்றான் சுப்புராஜ். “கம்பளியக் கட்டித் தூக்கிருவம். ஓடையையும் காட்டிட்டு மேல கொண்டாந்துருவம். வெரசா முடிஞ்சிரும்.”

“ஆமாக்கா, தூக்கிடலாம்” என்று ரோகிணி அழுதாள்.

திருமலைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தேவசேனாவுக்குப் பழக்கம். அவள் மாமியார் கந்தம்மாளும் இதே நோவில் விழுந்தவள்தான். முதல் மாதம் மகன்களெல்லாம் பாசத்தில் கக்கூசுக்குக்கூடத் தூக்கித் தூக்கிக் கொண்டு போனார்கள். அதோடு கிழவி கால் ஊன்றுவதை விட்டாள். ஆறு வருடம் கட்டில். பீ மூத்திரம் அள்ளியவள் தேவசேனா. இன்றைக்கு இந்த மனுஷனைக் கம்பளியில் தூக்கினால், திண்டுக்கல் போனதும் வாசல் கேட் என்ன, கட்டிலைவிட்டே இறங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“யாரும் தூக்க வேணாம். அய்யா நடந்துதான் வந்தாரு, நடந்துதான் மேல வருவாரு. பைய ஏறுங்கய்யா. பத்து அடிக்கு ஒருவாட்டி ஸ்டூலு போடுறேன்.”

ஏறினார். இறங்கத் தடுமாறிய அதே கால்கள் ஏற்றத்தில் தடுமாறவே இல்லை. பத்து நிமிடத்தில் ஜீப்புக்கு வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்ததும், “சாயங்காலமே ஊருக்குப் போயிருவம் பாப்பா” என்றார் மகளிடம்.

மத்தியானம் முழுவதும் தேவசேனா அந்த நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வருடமாக எழுதிய நோட்டில் ஏற்றம், ஏற்றம், ஏற்றம் என்றே இருந்தது. இறக்கம் என்று ஒரு வரிகூட இல்லை. நோட்டை மூடிவிட்டு நேரே அறைக்குப் போனாள்.

“அய்யா, நேத்து நீங்க படி ஏறுனதப் பாத்தேன். காலையில சுப்புராஜ் தோளப் பிடிச்சு எறங்குனதப் பாக்கல. அது என் தப்பு. இப்ப ஒருவாட்டி எறங்கிக் காட்டுங்க.”

“பட்டது போதும் தாயி.”

“ஒருவாட்டி. பாத்துட்டு நானே பஸ் ஏத்தி விடுறேன்.”

எரிச்சலோடு எழுந்து வந்தார். நான்கு படி இறங்குவதற்குள் தேவசேனாவுக்குப் புரிந்துவிட்டது. உடம்பின் கனம் முன்னால் சாய்கிறது. பலமில்லாத முழங்கால் அதைத் தாங்காமல் மடிகிறது. அவள் கீழே தோட்டத்தைப் பார்த்தாள். அழகுமலை ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக்கில் சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தான். கூடை நிறைந்ததும் இறங்கினான்.

“அய்யா, அங்க பாருங்க. ஏணியில எறங்குற ஆளு மூஞ்சிய எந்தப் பக்கம் வச்சிருக்கு?”

திருமலைச்சாமி பார்த்தார். “மரத்துப் பக்கம்.”

“நீங்களும் அப்படித் திரும்புங்க. மலையப் பாத்துக்கிட்டு, முதுகு கீழ்ப்பக்கம். நோவுபட்ட காலு முதல்ல, நல்ல காலு பொறகு.”

அவர் திரும்பி நின்றார். வலது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இடது கால் நுனி மெல்லக் கீழ்ப்படியைத் தொட்டது. பிறகு குதிகால் படிந்தது. முழங்கால் மடியவில்லை. இன்னொரு படி. இன்னொரு படி.

“இது ரிவர்ஸ் எடுக்கிறதுல்ல?” என்றார்.

“ஆமா. உங்களுக்குத் தெரியாத ரிவர்ஸா?”

“ரிவர்ஸுன்னா பின்னாடி ஆளு நிக்கணும். குரல் குடுக்கணும்.”

“குடுக்கிறேன். வரட்டும், வரட்டும்...”

பன்னிரண்டாவது படியில் அவர் முகத்தில் காலையில் இருந்த வெளிறல் இல்லை. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த ரோகிணிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“வீட்டுப் படி வேற, காட்டுப் பாதை வேற அக்கா. இன்னைக்கு விழுந்தது போதாதா?”

“விழல. உக்காந்தாரு. இங்க விழுறதுன்னா உருண்டு ஓடைக்கே போறது” என்றாள் தேவசேனா. “இந்தா பாருங்க ரோகிணிம்மா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறது. பத்துக்குள்ள மேல வந்துரணும். நான் நில்லுன்னா அத்தோட திரும்புறது, அதுக்கு மேல பேச்சில்ல. ஆனா ரெண்டு சோலியும் ஒரே நாள்ல ஆகாது. உங்க கொடைக்கானலு வேணுமா, அவரு ஓடை வேணுமா, நீங்க சொல்லுங்க.”

ரோகிணி அப்பாவைப் பார்த்தாள். அவர் யாரும் சொல்லாமலே மறுபடி திரும்பி நின்று பதின்மூன்றாவது படிக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் போனை எடுத்து அந்த ஒன்பது இடப் பட்டியலை அழித்தாள்.

ஞாயிறு வெள்ளனே தேவசேனாவும் சுப்புராஜும் பாதைக்குப் போய்விட்டார்கள். அவள் தென்னந்துடைப்பத்தால் சருகைக் கூட்டினாள். வாழைத்தார் கட்டும் நைலான் கயிற்றை அவன் மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினான்.

“காட்டக் கூட்டிப் பெருக்குறீகளே மதினி, கோலமும் போட்டுருவமா?”

“முடிச்ச ஒழுங்கா இறுக்கு. அவுந்துச்சு, உன்னத்தான் கயித்துக்குப் பதிலா கட்டுவேன்.”

சுப்புராஜ் ஜீப்பில் போய்க் கூட்டிவர, ஏழு மணிக்குத் திருமலைச்சாமி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு, தேவசேனா ஓர் அடி கீழே நின்று அதைப் பிடித்துக்கொண்டாள். வலது கை கயிற்றில். மேலே அவர் கண்ணுக்கு நேராக ரோகிணி, ஒரு கையில் ஸ்டூல், மறு கையில் தடி. சுப்புராஜ் முன்னால் போய்க் கல் இருந்தால் சொன்னான்.

“வரட்டும், வரட்டும்... இடது ஒடிச்சு... வரட்டும்... ஹோல்டான்!”

“கண்டக்டரு நல்ல ஆளுதான்” என்றார் அவர் மூச்சுக்கிடையில். “ராமலிங்கத்துக்கு இம்புட்டுப் பொறுமை கெடையாது.”

நேற்று நின்ற இரண்டாவது வளைவு வந்தது. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தேவசேனா ஸ்டூலைப் போடச் சொன்னாள். தண்ணீர் குடித்தார். இரண்டு பிஸ்கட் தின்றார். எழுந்து மறுபடி பின்னால் காலை வைத்தார். ஐந்து வளைவு, ஏழு நிறுத்தம், ஐம்பத்தைந்து நிமிடம். சத்தம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் தரை சமமானதும் தேவசேனா துண்டை விட்டுவிட்டு, “இப்பத் திரும்புங்க” என்றாள்.

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு பாறை. அதிலிருந்து தண்ணீர் விழுந்து, முழங்கால் ஆழத்தில் கல்லுக்குள் புகுந்து ஓடியது.

திருமலைச்சாமி கொஞ்ச நேரம் பார்த்தார். “இம்புட்டுத்தானா?”

“பின்ன, குத்தாலமா கெடக்கும்?” என்றான் சுப்புராஜ். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்.

காலை நனைக்க வேண்டும் என்றார். இடது காலில் உணர்ச்சி குறைவு, கல் கிழித்தாலும் தெரியாது என்று தேவசேனா முதலில் கையால் தடவிப் பார்த்து மணல் இருந்த இடத்தில் ஸ்டூலைப் போட்டாள். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ரோகிணி வீடியோ எடுத்தாள். பிறகு தேவசேனா அவர் காலை விரல் இடுக்கெல்லாம் துடைத்து, அட்டை, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, ஷூவை மாட்டினாள்.

“ராமலிங்கத்துக்குப் போனப் போடு பாப்பா.”

“இங்க சிக்னலே இல்லப்பா.”

“மேல போனா கெடைக்குமா?” என்று கேட்டபடியே தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

ஏற்றத்துக்கு முப்பத்தெட்டு நிமிடம்தான் ஆயிற்று. நான்காவது நிறுத்தத்தில் ஸ்டூல் வேண்டாம் என்று நின்றபடியே மூச்சு வாங்கினார். ஒன்பது மணிக்கெல்லாம் ஜீப்புக்கு வந்தாயிற்று. சிக்னல் இருந்தது. ரோகிணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏலே ராமலிங்கம், பண்ணைக்காட்டு ஹால்ட்ல ராத்திரி ஒரு சத்தம் கேக்குமே. பாத்துட்டேண்டா. தண்ணிதான்.”

அந்தப் பக்கம் இருமல் சத்தம். “அதத்தானே நானும் சொன்னேன்.”

“என்னது?”

“தண்ணினு நான்தான்யா சொன்னேன். நீதான காத்து, காத்துன்னு உசுர வாங்குன.”

திருமலைச்சாமி போனையே முறைத்துப் பார்த்தார். “பதினோரு வருசம்டா! புளுகுறியா?”

“எட்டு மாசமா ஒரு போனக் காணோம். போட்ட மொத போனே சண்டையா? நேர்ல வா, பேசிக்கலாம்” என்று இராமலிங்கம் வைத்துவிட்டார்.

சுப்புராஜ் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். திருமலைச்சாமி சிரிக்கவில்லை. அவருக்குக் காது சிவந்திருந்தது.

“அவன் வீடு பாலசமுத்திரம். பழனி பக்கம். அடுத்த ஞாயித்துக்கெழம போறோம் பாப்பா.”

“வீடியோவ அனுப்பிட்டாப் போதும்பா.”

“வீடியோ அவனுக்கு ஒறைக்காது. நேர்ல போகணும். தெருவுல நிக்க வச்சுக் கேக்கணும்.”

ரோகிணி தேவசேனாவைப் பார்த்தாள். அவள் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தாள்.

“அய்யா, அவரு வீட்டுக்கு எத்தன படி?”

“மாடி வீடு. பதினெட்டு இருக்கும்.”

“கைப்பிடி எந்தப் பக்கம்? ஏறையில எந்தப் பக்கம், எறங்கையில எந்தப் பக்கம்னு போன் போட்டுக் கேட்டுக்கங்க. துண்ட மறந்துராதீங்க ரோகிணிம்மா. எறங்கும்போது நீங்க கீழ நிக்கணும்.”

மத்தியானம் அவர்கள் கிளம்பினார்கள். இருபத்துநான்கு படியையும் அவர் பின்பக்கமாகவே இறங்கினார். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “என்ன பாக்குற? வண்டி ரிவர்ஸ்ல வருது, ஒதுங்கு” என்றார் அவர்களிடம்.

திங்கட்கிழமை தேவசேனா நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு போட்டு, வலது பாதியில் ‘இறக்கம்’ என்று எழுதினாள். மூங்கிலோடைக்கு நேராக ஐம்பத்தைந்து நிமிடம், ஏழு நிறுத்தம், கயிறு தேவை, சருகு கூட்ட வேண்டும் என்று எழுதிவிட்டு, மற்ற பாதைகளுக்காக அரிசி மூட்டையை முதுகில் கட்டினாள்.

“எறங்குறதுக்கு எதுக்குடி மூட்டை?” என்றான் அழகுமலை.

“நடந்து பாத்தாத்தான தெரியும்” என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு குடும்பம் வந்தது. படியேறி மேலே வந்ததும் அவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். பிறகு, “சிரமம் பாக்காம ஒருவாட்டி கீழ எறங்கிட்டு வந்துருங்க” என்றாள்.